நகரும் புள்ளிகளைத் தேடியவர்: யொகான் பலிசா (1848 - 1925)



சூரியக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சிறுகோள் வலயம் ஒன்று உண்டு என ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கோளுக்குச் சென்றுவிடுகிறோம். பரீட்சைக்கும் பெரும்பாலும் அந்த ஒரு வரியே போதுமானது. ஆயினும் அந்த வரிக்குள் அடங்கும் பாறைகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஓர் இரவில் முதன்முதலாகக் கண்டிருக்க வேண்டும் அல்லவா? புகைப்படக் கருவியின் உதவியின்றி, தொலைகாட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தே 122 சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர் யொகான் பலிசா. கண்ணால் பார்த்துச் சிறுகோள் கண்டவர்களுள் இவரை மிஞ்சியவர் எவருமில்லை.

அவர் கண்டவற்றுள் ஒன்று மத்தில்டே எனப்படும் கரிய சிறுகோள். நிலக்கரியிலும் கருமையானது. அதைக் கண்ட இரவில் அது கருமையானது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. இந்த வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது இதனை மனதில் வைத்திருங்கள்.

பலிசா 1848ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி துரோப்பாவு என்னும் நகரில் பிறந்தார். அது அப்போது ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்ட சிலேசியாவின் நகரம். இன்று ஒபாவா என்னும் பெயரில் செக் குடியரசில் உள்ளது. உலகப்படத்தில் ஒஸ்திரியாவுக்குள் தேடிக் காணவில்லை என்று குழம்ப வேண்டாம். இவரது வாழ்வில் வரும் ஊர்கள் பலவும் இப்படித்தான் நாடு மாறியவை.

அவர் பிறந்த வேளையில் மனிதர் அறிந்திருந்த சிறுகோள்கள் ஒன்பது மட்டுமே. முதலாவதான சீரிஸை 1801 ஜனவரி 1ஆம் திகதி இத்தாலியின் பலேர்மோ நகரில் பியாசி என்னும் துறவி கண்டார். 1807க்குள் மேலும் மூன்று கிடைத்தன. அதன்பின் ஐந்தாவதைக் காண 1845 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தாவதான ஹைஜியா பலிசாவுக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும்போது, 1849 ஏப்பிரலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஹைஜியாவும் காபன் நிறைந்த கரிய சிறுகோள்தான். ஆனால் அதுவும் அப்போது எவருக்கும் தெரியாது.

1866 முதல் 1870 வரை வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்றார். கற்றாரே தவிரப் பட்டம் பெறவில்லை. பட்டம் கையில் இல்லாமலே 1870இல் அப்பல்கலைக்கழகத்தின் வானாய்வு நிலையத்தில் உதவியாளரானார். அடுத்த ஆண்டு சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் பணி கிடைத்தது. 1872இல், வயது 24ஐ எட்டாத நிலையில், போலா நகரிலிருந்த கடற்படை வானாய்வு நிலையத்தின் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார்.

போலா, அத்திரியாட்டிக் கடலோரத்தில் அமைந்த துறைமுகம். ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடற்படைக்கு அதுவே தலைமைத் தளம். இன்று பூலா என்ற பெயரில் குரோசியாவில் உள்ளது. கடற்படைக்கு வானாய்வு நிலையம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நடுக்கடலில் கப்பல் நிற்கும் நெடுங்கோட்டை அறியச் சரியான நேரம் வேண்டும். புவியியலில் நெடுங்கோடும் நேரமும் பற்றிக் கணக்குச் செய்கிறீர்களே, அதே விடயம்தான். கப்பலின் மணிக்கூடுகளைச் சரிபார்க்கும் நேரத்தை அக்காலத்தில் நட்சத்திரங்களைப் பார்த்தே பெற்றனர்.

அங்கிருந்த தொலைகாட்டி பெரியதன்று. அதன் பொருள்வில்லையின் விட்டம் ஆறு அங்குலம், அதாவது அண்ணளவாக 15 சென்ரிமீற்றர். உங்கள் கணிதக் கொப்பியின் அகலத்தை விடச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். அந்த வில்லையின் துணையுடன் 1874 மார்ச் 18ஆம் திகதி அவர் தமது முதலாவது சிறுகோளைக் கண்டார். வரிசையில் அது 136ஆவது. தமது நாட்டின் பெயரையே வைத்து அதனை ஒஸ்திரியா என்றழைத்தார். 1880இல் போலாவை விட்டுப் புறப்படும் வரையில் 28 சிறுகோள்களையும் ஒரு வால்வெள்ளியையும் அங்கிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

சிறுகோளை எவ்வாறு கண்டுபிடிப்பது? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதுவே அவரது வாழ்நாள் வேலை.

தொலைகாட்டியில் சிறுகோள் பாறை போலத் தெரியாது. நட்சத்திரம் எப்படி ஓர் ஒளிப்புள்ளியோ அதுவும் அப்படியே. ஒரே வேறுபாடு, நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்கும், சிறுகோள் அவற்றினூடே மெல்ல நகரும். ஆகவே முதலில் வானத்தின் ஒரு சிறு பகுதிக்கு நட்சத்திரப் படம் வேண்டும். அப்படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் வானத்தில் உள்ள புள்ளியுடன் ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று வானத்தில் இருந்தால் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாள் இரவிலோ மீண்டும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் அது சிறுகோள். நகரவில்லையானால் படம் வரைந்தவர் விட்டுவிட்ட ஏதோ ஒரு நட்சத்திரம். அநேகமாக இரண்டாவதாகவே இருக்கும். அக்காலப் படங்களில் மங்கலான நட்சத்திரங்கள் பல விடுபட்டிருந்தன. எனவே பலிசா தேடுவதோடு நிற்காமல் படங்களைத் திருத்தவும் புதிதாக வரையவும் வேண்டியிருந்தது.

நகரும் புள்ளி கிடைத்த பின்னும் வேலை முடிவதில்லை. அது ஏற்கெனவே அறிந்த சிறுகோளாக இருக்கலாம். புதியது என்று உறுதியானாலும் பல இரவுகள் அதன் இடத்தை அளந்து கொடுத்தால்தான் கணிதவியலாளர்கள் அதன் சுற்றுப்பாதையைக் கணிக்க முடியும். பாதை கணிக்கப்படாத சிறுகோள் மீண்டும் தொலைந்துவிடும். கண்டதும் போய், கண்ட பெருமையும் போய்விடும்.

இனி அவரது வாழ்வின் முக்கியமான முடிவுக்கு வருவோம். வியன்னாவின் புறத்தே புதிய வானாய்வு நிலையம் ஒன்று கட்டப்பட்டு வந்தது. அதற்கென அயர்லாந்தின் டப்ளின் நகரில் கிரப் நிறுவனத்தார் 27 அங்குலம், அதாவது 68 சென்ரிமீற்றர் விட்டமுடைய ஒளிமுறிவுத் தொலைகாட்டியைச் செய்தனர். அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய ஒளிமுறிவுத் தொலைகாட்டி அதுவே. வில்லையின் விட்டம் போலாவில் இருந்ததைவிட நாலரை மடங்கு. ஒளியைத் திரட்டும் பரப்போ இருபது மடங்கு. (விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பரப்பு மாறும் என்பதை நினைவில் கொண்டு நீங்களே கணித்துப் பாருங்கள்.)

ஆனால் அங்கே பணிப்பாளர் பதவி வெறுமையாக இல்லை. அப்பதவியில் எட்மண்ட் வைஸ் என்பவர் இருந்தார். பலிசாவுக்குக் கிடைக்கக்கூடியது அவருக்குக் கீழான பதவி மட்டுமே. எட்டு ஆண்டுகளாகத் தாமே தலைவராக இருந்த நிலையத்தை விட்டு, இன்னொருவருக்குக் கீழ் வேலை செய்யப் போக வேண்டும். பலிசா போனார். 1880இல் பணிப்பாளர் பதவியைத் துறந்து வியன்னாவில் கீழ்நிலைப் பதவியை ஏற்றார்.

இதை வாசிக்கும்போது அவர் பதவி ஆசை அற்ற துறவி என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கும் ஆசை இருந்தது. அது தொலைகாட்டி மீதான ஆசை. உலகில் எவரும் பார்க்க முடியாத மங்கலான புள்ளிகளைப் பார்க்கும் வாய்ப்பு ஒரு பக்கம், பெயர்ப்பலகை மறுபக்கம். பலருக்கு இது எளிதான தெரிவு அன்று. அவருக்கும் எளிதாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

1883இல் பிரான்ஸ் நாட்டினர் அனுப்பிய ஆய்வுக்குழு ஒன்றில் அவரும் இடம்பெற்றார். அவ்வாண்டு மே 6ஆம் திகதி நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் உள்ள கரோலைன் தீவிலிருந்து பார்ப்பதே நோக்கம். (அத்தீவு இன்று கிரிபாட்டி நாட்டுக்கு உரியது.) ஐரோப்பாவிலிருந்து அங்கே போவதென்றால் மாதக்கணக்கான பயணம். முழுக்கிரகணமோ ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த நிமிடங்களில் பலிசா தேடியது வல்கன் என்னும் கோளை. புதனின் சுற்றுப்பாதையில் காணப்பட்ட ஒரு சிறு முரண்பாட்டை விளக்க, புதனுக்கும் உட்புறமாக இன்னொரு கோள் இருக்கலாம் எனப் பிரான்சின் லெ வெரியே 1859இல் கூறியிருந்தார். சூரிய ஒளி மறைந்த வேளையில் மட்டுமே அதனைக் காண முடியும் என நம்பினர்.

பலிசா தேடினார். எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றே அறிவித்தார். 1915இல் ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை புதனின் முரண்பாட்டைப் புதிய கோள் எதுவுமின்றியே விளக்கியது. வல்கனைக் கண்டதாக முன்னர் சிலர் கூறியிருந்த நிலையில், காணாததைக் காணவில்லை என்று சொன்ன பலிசாவின் முடிவே சரியானது. அத்தீவில் கிடைத்த ஓய்வில் அவர் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் பூச்சிகளையும் சேகரித்தார். ஊர் திரும்பிய பின் அவ்வாண்டு நவம்பரில் தாம் கண்ட சிறுகோள் ஒன்றுக்கு அத்தீவின் நினைவாகக் கரோலினா என்று பெயர் இடப்பட்டது.

1884ஆம் ஆண்டை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். இந்த ஆண்டில்தான் அவர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் தமது பட்டத்தைப் பெற்றார். படிப்பை முடித்துப் பதினான்கு ஆண்டுகள் கழித்து! அதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு செப்ரெம்பர் 29ஆம் திகதி ஐடா என்னும் 243ஆவது சிறுகோளைக் கண்டார். இரு வாரம் கழித்து, ஒக்ரோபர் 14ஆம் திகதி கண்ட 244ஆவது சிறுகோளின் பெயர் நமக்கு நன்கு பழக்கமானது. அதன் பெயர் சீதா. இராமாயணத்துச் சீதையே தான். கிரேக்க, உரோமத் தெய்வங்களின் பெயர்கள் ஏற்கெனவே நிறையப் பயன்பட்டுவிட்டபடியால் பிறநாட்டுப் பெயர்களும் வானுக்கு ஏறத் தொடங்கியிருந்தன.

1885 நவம்பர் 12ஆம் திகதி இரவு பலிசா தமது பட்டியலில் இன்னொரு புள்ளியைச் சேர்த்தார். அது 253ஆவது சிறுகோள். அதன் பாதையைக் கணித்தவர் பாரிஸ் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த லெபேவ். அவர் பரிந்துரைத்த பெயர் மத்தில்டே. அந்நிலையத்தின் உதவிப் பணிப்பாளராக இருந்த லோவியின் மனைவியின் பெயர் அது எனக் கருதப்படுகிறது.

ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் கண்ட ஐடாவும் மத்தில்டேயும் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஏறக்குறைய ஒரே மாதிரியான இரு மங்கல் புள்ளிகளாகத்தான். ஒரு புள்ளி மங்கலாகத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அது தூரத்தில் இருக்கலாம், அல்லது சிறியதாக இருக்கலாம், அல்லது பெரியதாக இருந்தும் ஒளியைச் சரியாகத் தெறிக்கச் செய்யாத கரிய பொருளாக இருக்கலாம். தூரத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து கணித்துவிடலாம். ஆனால் சிறியதா, கரியதா என்பதைக் கண் பிரித்தறியாது. இருட்டு அறையின் மூலையில் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றையும் அதைவிடப் பல மடங்கு பெரிய கறுப்புத் துணி ஒன்றையும் தொங்கவிட்டு மங்கிய விளக்கொளியில் பாருங்கள். இரண்டிலிருந்தும் உங்கள் கண்ணுக்கு வரும் ஒளி ஒரே அளவாக இருக்கலாம். பலிசாவின் பார்வைத்துண்டுக்குப் பின்னால் இருந்த சிக்கலும் இதுவே.

அவ்வாண்டு நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 1886 ஓகஸ்ற் 29ஆம் திகதி நிகழவிருந்த சூரிய கிரகணத்தைக் காணப் போவதற்குப் பலிசாவுக்குப் பணம் தேவைப்பட்டது. எனவே தாம் கண்ட சிறுகோள் ஒன்றுக்குப் பெயரிடும் உரிமையை 50 பவுணுக்குத் தருவதாக ஆங்கில வானியல் சஞ்சிகை ஒன்றில் அறிவித்தார். 250ஆவது சிறுகோளின் பெயர் அவ்வாறு விலை போனது. வாங்கியவர் பெருஞ்செல்வரான அல்பேர்ட் வொன் ரொத்சைல்ட். மனைவியின் பெயரான பெற்றினாவையே அதற்கு வைத்தார். வானத்தை விற்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். கீழ்நிலைப் பதவியில் இருக்கும் ஒருவர் தமது சம்பளத்தில் கடல் கடந்து போய் ஆய்வு செய்ய முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இதில் பெரிய குற்றம் தெரியவில்லை. தமக்கென்று வீடு வாங்கவா விற்றார்?

இனி அவரது தொழிலையே அசைத்துப் பார்த்த சம்பவம். 1891 டிசம்பரில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் மக்ஸ் வொல்வ் என்னும் இளம் வானியலாளர் புகைப்படத்தின் மூலம் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 323ஆவதான அதன் பெயர் புரூசியா. புகைப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது சிறுகோள் அதுவே. தொலைகாட்டியை நட்சத்திரங்களோடு சேர்த்து மெல்லத் திருப்பிக்கொண்டே புகைப்படத் தட்டை நீண்ட நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளிகளாகப் பதியும். சிறுகோள் நகர்வதால் அது சிறு கோடாகப் பதியும். தட்டைப் பார்த்ததுமே எது சிறுகோள் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

வொல்வ் பலிசாவைவிடப் பதினைந்து வயது இளையவர். தமது ஆயுளில் இருநூறுக்கு மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டுபிடித்து, எண்ணிக்கையில் பலிசாவைக் கடந்து சென்றார். இருபது ஆண்டுகளாகக் கண்ணைப் பழக்கிப் பெற்ற திறமையை ஒரு கண்ணாடித் தட்டு செய்து முடிக்கிறது. 43 வயதில் இதைப் பார்க்கும் ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டச்சுப் பொறியில் வேகமாக அடித்துப் பழகியவர்களின் மேசைக்குக் கணினி வந்தபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பலிசா என்ன செய்தார்? முதலில், தேடுவதை நிறுத்தவில்லை. 323க்கு அடுத்த எண்ணைப் பெற்ற 324ஆவது சிறுகோள் பம்பேர்கா. அதனை 1892 பெப்ரவரி 25ஆம் திகதி கண்டவர் பலிசா. பழைய முறையில், கண்ணால். பம்பேர்கா சிறிய பாறையன்று. அதன் விட்டம் 200 கிலோமீற்றரைத் தாண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் கண்டிக்குச் செல்லும் தூரத்தில் பெரும்பகுதி அது. அவ்வளவு பெரியது அத்தனை காலம் ஏன் எவர் கண்ணிலும் படவில்லை? காரணம் இரண்டு. ஒன்று, அதன் நீள்வட்டப் பாதை அதனை நெடுங்காலம் தொலைவிலேயே வைத்திருக்கிறது. மற்றது, அதுவும் காபன் நிறைந்த கரிய சிறுகோள்.

இரண்டாவதாக, வொல்வைப் பகைக்கவில்லை. புகைப்படம் சிறுகோளை இலகுவாகக் கண்டுபிடித்துவிடும். ஆனால் கண்டுபிடித்தவை அதிகரிக்க அதிகரிக்க, ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து அளப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. வொல்வின் தட்டுகளில் பதிந்த மங்கலான சிறுகோள்களை வியன்னாவின் பெரிய தொலைகாட்டியால் தேடிப் பிடித்து அளக்கும் வேலையைப் பலிசா மேற்கொண்டார். பின்னர் 1908 முதல் இருவரும் இணைந்து, வொல்வ் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு நட்சத்திரப் படங்களை வெளியிட்டனர். இவை பலிசா-வொல்வ் நட்சத்திரப் படங்கள் என அழைக்கப்பட்டன. படத்தில் இல்லாத நட்சத்திரங்களால் இளமையில் அலைக்கழிந்தவர், எல்லா நட்சத்திரமும் உள்ள படத்தைப் பிறருக்குக் கொடுத்துச் சென்றார். 1916இல் தாம் கண்ட 827ஆவது சிறுகோளுக்கு வொல்வின் நினைவாக வொல்வியானா எனப் பெயரிட்டார். 1919இல் வொல்வ் கண்ட 914ஆவது சிறுகோளுக்குப் பலிசானா என்று பெயர் வந்தது.

1906இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் வால்ஸ் பரிசு பலிசாவுக்குக் கிடைத்தது. 1908இல் வியன்னா வானாய்வு நிலையத்தின் உதவிப் பணிப்பாளரானார். 1880இல் தாம் துறந்த தலைமைப் பதவி மீண்டும் ஒருபோதும் அவருக்குக் கிடைக்கவில்லை.

1911 ஒக்ரோபர் 3ஆம் திகதி பூமிக்கு ஒப்பீட்டளவில் அண்மையில் வரும் 719ஆவது சிறுகோளைக் கண்டார். அவ்வாண்டு காலமான ரொத்சைல்டின் நினைவாக அதற்கு அல்பேர்ட் எனப் பெயரிடப்பட்டது. ஆனால் சில இரவுகளின் அளவீடுகளே கிடைத்ததால் அதன் பாதை சரியாகக் கணிக்கப்படவில்லை. அல்பேர்ட் தொலைந்துபோனது. எண்ணும் பெயரும் உண்டு, பொருள் எங்கே என்று தெரியாது என்ற நிலை. முன்னர் நான் கூறிய ஆபத்து இதுதான்.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. 1918இல் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியது. அவர் பிறந்த ஊர் செக்கோசிலோவாக்கியாவுக்குப் போனது. முதற் சிறுகோளைக் கண்ட போலா இத்தாலியின் கைக்கு மாறியது. வியன்னாவில் மக்கள் பட்டினியால் வாடினர். அமெரிக்காவின் ஹேர்பேட் ஹூவர் நடத்திய உணவு நிவாரணம் பல உயிர்களைக் காத்தது. 1920 மார்ச்சில் தாம் கண்ட சிறுகோளுக்கு அவ்வுதவியின் நன்றியாக ஹூவேரியா என்று பெயரிடப்பட்டது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர் இவரே. ஆனால் பெயர் சூட்டப்பட்டது ஜனாதிபதிக்கு அன்று, சோறு கொடுத்தவருக்கு.

1919இலேயே பலிசா ஓய்வு பெற்றுவிட்டார். எனினும் தொலைகாட்டியைப் பயன்படுத்தும் உரிமையை விடவில்லை. தமது கடைசிச் சிறுகோளை 1923இல் கண்டார். அப்போது அவருக்கு வயது 74. முதற் சிறுகோளுக்கும் கடைசிச் சிறுகோளுக்கும் இடையில் 49 ஆண்டுகள். 1925 மே 2ஆம் திகதி வியன்னாவில் காலமானார். பிறக்கும்போது ஒன்பதாக இருந்த சிறுகோள்களின் எண்ணிக்கை அவர் இறக்கும்போது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சந்திரனில் ஒரு குழிக்கும் அவர் பெயர் உண்டு.

வாழ்க்கை வரலாறுகள் வழமையாக மரணத்தோடு முடியும். பலிசாவின் வரலாற்றை அங்கே நிறுத்த முடியாது. அவர் கண்ட புள்ளிகள் என்ன என்பது அதன் பின்னரே தெரியவந்தது.

1970களில், சிறுகோள்கள் தெறிக்கச் செய்யும் ஒளியையும் வெளிவிடும் வெப்பத்தையும் அளந்து அவற்றை வகைப்படுத்தத் தொடங்கினர். கற்பாறைத் தன்மையுள்ளவை எஸ் வகை. காபன் சேர்வைகள் நிறைந்த கரியவை சி வகை. சிறுகோள்களில் பெரும்பாலானவை சி வகையினவே. சூரியக் குடும்பம் உருவான ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து இவை அதிகம் மாற்றமடையாதவை என்பதால் விஞ்ஞானிகளுக்கு இவற்றில் ஆர்வம் அதிகம்.

1993 ஓகஸ்ற் 28ஆம் திகதி வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ விண்கலம் வழியில் ஐடாவைக் கடந்தது. அது கற்பாறை வகை. அதன் அருகே ஒன்றரைக் கிலோமீற்றர் அளவான சிறு துணைக்கோள் ஒன்றும் படத்தில் இருந்தது. சிறுகோள் ஒன்றுக்குத் துணைக்கோள் உண்டு என்பதற்குக் கிடைத்த முதலாவது சான்று அதுவே. டக்டைல் என்று அதற்குப் பெயர்.

1997 ஜூன் 27ஆம் திகதி, ஈரோஸ் என்னும் சிறுகோளை நோக்கிச் சென்ற நாசாவின் நியர் விண்கலம் மத்தில்டேயை 1,212 கிலோமீற்றர் தூரத்தில் கடந்தது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். விண்கலமொன்று அருகில் சென்று பார்த்த முதலாவது சி வகைச் சிறுகோள் மத்தில்டேயே. பலிசா அதனைக் கண்டு 112 ஆண்டுகளாகியிருந்தன.

வந்த படங்கள் வியப்பூட்டின. மத்தில்டே தன்மீது விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கை மட்டுமே தெறிக்கச் செய்கிறது. அதன் சராசரி விட்டம் ஏறத்தாழ 53 கிலோமீற்றர். ஐடாவினது ஏறத்தாழ 31 கிலோமீற்றர். அதாவது நமக்குத் தெரியும் முகத்தின் பரப்பில் மத்தில்டே ஐடாவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இருந்தும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்தால் ஐடாவே சற்றுப் பிரகாசமாகத் தெரியும். பலிசாவின் இரு மங்கல் புள்ளிகள் உண்மையில் இவ்வளவு வேறுபட்டவை.

மத்தில்டே தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 17 நாட்களுக்கு மேல் எடுக்கிறது. ஐடா ஐந்து மணித்தியாலத்துக்குள் சுற்றிவிடும். விண்கலம் விரைந்து கடந்த அச்சிறு பொழுதில் மத்தில்டே ஏறக்குறைய அசையாமல் நின்றதென்றே சொல்லலாம். ஆகவே அதன் ஒரு பக்கம் மட்டுமே படத்தில் விழுந்தது. மறுபக்கத்தை இதுவரை எந்த விண்கலமும் பார்க்கவில்லை.

அதைவிட வியப்பு அதன் அடர்த்தி. விண்கலத்தின் பாதை மத்தில்டேயின் ஈர்ப்பால் எவ்வளவு விலகியது என்பதை அளந்து அதன் திணிவைக் கணித்தனர். அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1.3 கிராம் என வந்தது. நீரைவிடச் சற்றே அதிகம்! அதே வகைக் காபன் விண்கற்களின் அடர்த்தியில் இது ஏறக்குறையப் பாதிதான். அப்படியானால் மத்தில்டேயின் உள்ளே பாதியளவு வெற்றிடம். அது ஒரே பாறையன்று, உடைந்த துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்த குவியல் என்று கருதப்படுகிறது. அதன் உடலில் 30 கிலோமீற்றர் அளவான பெருங்குழிகள் பல உள்ளன. திண்மமான பாறையாக இருந்திருந்தால் அத்தகைய மோதல்களில் சிதறியிருக்கும். உள்ளே வெற்றிடம் இருந்ததால், மணல் மூட்டை அடியை வாங்குவது போல மோதல்களை வாங்கிக்கொண்டு இன்றும் முழுதாக இருக்கிறது.

தொலைந்த அல்பேர்ட்டும் 2000ஆம் ஆண்டு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணிடப்பட்டுத் தொலைந்திருந்த சிறுகோள்களுள் கடைசியாக அகப்பட்டது அதுவே. 89 ஆண்டுகளுக்கு முன் பலிசா அளந்து வைத்த இடங்களோடு புதிய அளவீடுகள் பொருந்தியதனாலேயே அதனை அடையாளம் காண முடிந்தது.

மத்தில்டேயின் குழிகளுக்குப் பெயரிட வேண்டிய நேரம் வந்தபோது, இத்தனை கரிய பொருளுக்கு எது பொருத்தம் என்று யோசித்து, உலகின் நிலக்கரி வயல்களின் பெயர்களை வைத்தனர். மிகப் பெரிய குழியின் பெயர் கரு, தென்னாபிரிக்காவின் நிலக்கரி வயல். யப்பானின் இஷிகாரி, ரஷ்யாவின் குஸ்னெட்ஸ்க் ஆகியவையும் அங்குண்டு. புவியியல் பாடத்தில் இந்தியாவின் நிலக்கரி வளம் என்றதும் நீங்கள் எழுதும் தாமோதர் பள்ளத்தாக்கு நினைவிருக்கிறதா? அந்தத் தாமோதரின் பெயரிலும் மத்தில்டேயில் ஒரு பெருங்குழி இருக்கிறது.